குப்பன் குடும்பம் உட்பட

மனைவியின் கையெழுத்தைப் போடுவதற்காக ஒருவன் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு நாமக்கல் போக வேண்டியிருக்கும் என்று கல்யாணத்தன்றே யாராவது சொல்லியிருந்தால், மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறியிருப்பேன். பூங்கொடிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. விமானத்தில் உட்கார முடியாது. ஆகவே எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஊரில் அவளுடைய தம்பிகள் இரண்டு பேரும் அப்பா விட்டுப்போன நிலத்தையும் கோழிப்பண்ணையையும் பாகம் பிரிக்கிறார்கள். அக்காவுக்கும் பங்கு உண்டு என்பதால், தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவளும் அதே பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திர மொழியில் இதற்கு 'விடுதலை' என்று பெயர். இத்தனை வருடத்தில் நான் கொடுக்காத விடுதலையைத் தம்பிகள் கொடுக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

கிளம்புகிற அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "தம்பிங்க என்ன வேணா எழுதிக்கட்டும். பாவாயிக்கு என்ன வழின்னு கேட்டுப்போட்டு அப்பறம் கையெழுத்தப் போடுங்க."

பாவாயி அந்தக் கோழிப்பண்ணையில் வேலை செய்பவர். பூங்கொடியின் வயதுதான். பண்ணைக்குள்ளேயே ஓடு வேய்ந்த ஒரு சின்னச் சாளையில் குடியிருக்கிறார். அவருடைய அப்பாவும், அப்பாவின் அப்பாவும் அதே சாளையில் இருந்துகொண்டு அதே நிலத்தில் வேலை செய்தவர்கள். பாகம் பிரித்தபின் சாளை யார் பங்குக்குப் போகிறதோ, அவர் காலி செய் என்றால் பாவாயி காலி செய்ய வேண்டியதுதான். பூங்கொடியின் கவலை அதுதான்.

என் பிழைப்பையும் சொல்லிவிட வேண்டும். வர்ஜீனியாவில் ஒரு கவுண்டி, அதாவது மாவட்ட, நீதிமன்றத்தின் பதிவறையில், பழைய காலத்து உயில்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுகிறேன். முதல் தடவை இதைச் சொன்னபோது சின்ன மைத்துனன் செல்வராசு, "கவுண்டி கோர்ட்டுங்களா மாமா? அங்கயும் நம்மாளுங்க கோர்ட்டு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டான். நான் மறுக்கவில்லை. வேறு சாதியில் பிறந்து, காதலித்துக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டில் மாப்பிள்ளை என்று கூப்பிட வைக்கவே பத்து வருடம் ஆன ஆள் நான். தானாக வருகிற மரியாதையை ஏன் தடுக்க வேண்டும்?

முதல் நாள் சேலம். பஸ் நிலையத்தருகே தட்டுவடை செட் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். கடித்தால் பாதி வாய்க்குள் போகிறது, மீதி சட்டைக்கு வருகிறது. "வெள்ளச் சட்ட போட்டுட்டு வந்தா இதத் திங்கக் கூடாதுங்க" என்று கடைக்காரர் சொன்னார், நான் தின்று முடித்த பிறகு. அமெரிக்காவிலும் சேலம் என்ற பெயரில் ஊர்கள் இருக்கின்றன. பெயர் மட்டும்தான். தட்டுவடை கிடையாது.

நாமக்கல்லில் இறங்கினால் மோகனூர்ப் பக்கம் போகிற டவுன் பஸ் என் கண் எதிரிலேயே கிளம்பிப் போனது. கையை ஆட்டினேன். நடத்துநரும் அன்பாகக் கையை ஆட்டினார். பின்னால் ஒரு முட்டை வேன் வந்து நின்றது. "எங்கீங்க போகோணும்?" என்றார் ஓட்டுநர். மைத்துனர்கள் பண்ணையின் பெயரைச் சொன்னேன். "நானும் அங்கதானுங்க காலி அட்டை எறக்கப் போறேன். ஏறுங்க. சீட்டுல ரெண்டு அட்ட முட்ட இருக்குது, அத மட்டும் மடில வெச்சுக்கோணும்."

ஒரு அட்டையில் முப்பது முட்டை. அறுபது முட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் பாடி கட்டாத லாரி ஒன்று வெறும் எலும்போடு போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, வெயிலுக்குத் துண்டும் தூசிக்குக் கண்ணாடியும் போட்டிருந்தார். வர்ஜீனியாவில் பெல்ட் போடாததற்கு ஒருமுறை அபராதம் கட்டிய நான், அவரைக் கொஞ்ச தூரம் பொறாமையோடு பார்த்தேன். அந்த நேரத்தில் வேகத்தடை வந்துவிட்டது. "மூச்சப் புடிச்சுக்கங்க சாமி" என்று ஓட்டுநர் சொல்வதற்குள் ஒரு முட்டை உடைந்தது.

பெரிய மைத்துனர் கந்தசாமி பண்ணை வாசலிலேயே நின்றிருந்தார். சட்டையின் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்து, "வாங்க மாமா. வழியில ஆராச்சும் அடிச்சுப்போட்டாங்களா?" என்று விசாரித்தார்.

இரண்டாம் நாள் காலையில் இடியாப்பம் மாதிரியான சந்தகையும் தேங்காய்ப்பாலும். ஒறம்பரை, அதாவது உறவினர், வந்தால் இந்த ஊரில் சாப்பிடச் சொல்வதில்லை, சாப்பிட வைத்துவிடுகிறார்கள். மதியம் அரிசியும்பருப்புஞ்சோறு, மேலே நெய், பக்கத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு. ஆயிரக்கணக்கான கோழிகள் கொட்டகையில் கத்திக்கொண்டிருக்க, குழம்புக்குக் கோழி பக்கத்து ஊரிலிருந்து வந்தது. முட்டை ஒன்று கிடைக்குமா என்றேன். "பண்ணை முட்டைங்க மாமா. நாம திங்கறதில்லீங்க" என்றான் செல்வராசு.

சாப்பிட்டபின் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பாகம் பேசினோம். அவர்கள் பேசினார்கள், நான் ஏப்பம் விட்டேன். கிழக்குக் கொட்டகைகள் கந்தசாமிக்கு, மேற்கே இருப்பவை செல்வராசுக்கு. கிணற்றுத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தீவனம் அரைக்கிற மிஷின் இவருக்கு, ஜீப் அவனுக்கு. ரோட்டோரத்து நிலத்தைக் கந்தசாமி வீட்டுமனை போடுகிற ஒருவருக்கு விற்கப் போகிறார். சாளை அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

"சாளை உனக்குத்தாண்ணா. அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றான் செல்வராசு. "ஆனா பாவாயி எனக்கு வேணும்."

"அதெப்படிடா? சாளை எனக்குன்னா சாளைல இருக்கறவளும் எனக்குத்தான? சாளைய இடிச்சாலும் தீவனக் குடோன் பக்கத்துல ஒரு ரூம்பு இருக்குது. அதுல வெச்சுக்கறேன்."

"எந்தக் கோழிக்குச் சளி புடிச்சிருக்குதுன்னு அவளுக்குத்தான் காதுல கேக்கும். அவ இல்லாம நான் என்ன பண்றது?"

"செரி விடு. ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் உனக்கு. கெணத்துத் தண்ணியாட்டம்."

அப்போது பாவாயி டீ கொண்டுவந்து வைத்தார். "ஆறுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் ஏப்பம் நின்றுவிட்டது. இதே பேச்சை நான் தினமும் படம் எடுக்கிறேன். அடிமைகளை வைத்திருந்த காலத்துத் தகப்பன் எழுதுவான்: மூத்தவனுக்கு நிலம், இளையவனுக்கு ஆலை, மகளுக்கு ஒரு இறகு மெத்தை, ஒரு பசுவும் கன்றும், ஹான்னா என்ற பெண், அவளும் அவள் பெருக்கமும். பெருக்கம் என்றால் இனிமேல் அவளுக்குப் பிறக்கப் போகிற பிள்ளைகள். பசுவின் கன்றுகளுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்லைத்தான் போடுவார்கள். ஒரே ஆளை ஆறு மாதம் ஒரு பிள்ளைக்கும் ஆறு மாதம் இன்னொரு பிள்ளைக்கும் பிரித்துக் கொடுத்த உயிலையும் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கிவிட்டது. அதுதான் எனக்கு என்மேல் உள்ள கோபம்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஹான்னா ஓடினால் விளம்பரம் போட்டுத் தேடுவார்கள், பிடித்தால் சவுக்கு. பாவாயி நாளைக்கே மூட்டை கட்டினாலும் யாரும் துரத்தப் போவதில்லை. சம்பளம் உண்டு, தீபாவளிக்குச் சேலை உண்டு. என் மைத்துனர்கள் கெட்டவர்களும் இல்லை. நல்லவர்கள் டீ குடித்துக்கொண்டே இப்படிப் பேசுகிறார்களே என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பாவாயியைக் கேட்டீங்களா?" என்றேன்.

கந்தசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவளையா? என்னத்துக்குங்க மாமா? அவ நம்ம ஊட்டு ஆளு."

சாயங்காலம் நானே போய்க் கேட்டேன். பாவாயி கொட்டகையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். உதவலாம் என்று கையை நீட்டினேன். "கைய வெக்காதீங்க சாமி. நேத்து உங்க சட்டையப் பாத்தேன்" என்றார். தள்ளி நின்றுகொண்டேன்.

மகள் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறாளாம். ஒரே அறை, அதில் நான்கு பேர். "அங்க போனா நின்னுக்கிட்டேதான் தூங்கோணுமுங்க. குடோன் ரூம்புல தீவன மூட்டையோட படுக்க எனக்கு முடியாது. எம்பட ஊடு எனக்கு இருந்தாப் போதும். வேல ஆருக்கு வேணாலும் செய்வேன்."

பிறகு அவர் என்னைக் கேட்டார். "பூங்கொடி அம்மிணி போன்ல சொன்னாங்க. செத்தவிய எழுதி வெச்ச காயிதத்தப் போட்டோப் புடிக்கறதுதான் உங்க வேலைங்களா?"

சொன்னேன். மெத்தை, பசு, ஹான்னா எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை அடுக்குகிற கை நிற்கவில்லை. "அதுல மெத்த மொதல்லயா, பொம்பள மொதல்லயா?" என்று கேட்டார்.

"சிலதில் மெத்தை, சிலதில் பெண்."

"நல்ல மெத்தையா இருந்திருக்கும்" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, முகம் அட்டைப் பக்கம் இருந்தது.

எங்கள் பதிவறைக்கு ஒரு கறுப்பின மூதாட்டி வருவார் என்பதையும் சொன்னேன். எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் வந்து தேடி, கடைசியில் ஒரு உயிலில் தன் முப்பாட்டியின் பெயரைக் கண்டுபிடித்தார். இரண்டு குதிரைகளுக்கும் ஒரு செம்புப் பானைக்கும் நடுவில் இருந்தது அந்தப் பெயர். வேறு எந்தக் காகிதத்திலும் அது இல்லை. அவர் உயிலை மூடியிருந்த கண்ணாடிமேல் விரலை வைத்து அந்தப் பெயரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பாவாயியின் கை இப்போது நின்றது. "அப்ப அந்தக் காயிதத்த ஆராச்சும் கிழிச்சிருந்தா?"

"ஒன்றுமே தெரிந்திருக்காது."

"ம்" என்றார். அடுத்த அட்டையை எடுத்தார்.

மூன்றாம் நாள் நாமக்கல்லுக்கு ஜீப்பில் போனோம். முன்னால் மைத்துனர்கள். பின்னால் நானும் பாவாயியும் ஒரு செத்த கோழியும். கோழி ஏன் செத்தது என்று அறுத்துப் பார்க்கக் கோழி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். பாவாயி வந்தது அதற்காகத்தான். வெயிலில்தான் செத்தது என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என் மடிக்குத்தான் அன்றைக்கும் யோகம். கோழி இருந்த ஒயர் கூடையை வைக்க வேறு இடமில்லை. டாக்டர் பதினொரு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். ஆகவே கோழியும் எங்களோடு பத்திர எழுத்தர் கடைக்கு வந்தது.

எழுத்தர் பத்திரத்தை உரக்கப் படித்தார். படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்து என்பது வழக்கம். புரியாத வேகத்தில் படிப்பதும் வழக்கம் போலிருக்கிறது. சர்வே நம்பர், நான்கு எல்லை, மாவடை, மரவடை எல்லாம் ரயில் பெட்டிகளைப்போல ஓடின. எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. "மாட்டுச் சாளை ஒன்று, ஆள் சாளை ஒன்று, அதில் குடியிருந்து வரும் ஆள்காரன் குப்பன் குடும்பம் உட்பட..."

"நிறுத்துங்க" என்றேன். எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "குடும்பம் உட்படவா? இது எங்கேயிருந்து வந்தது?"

கம்ப்யூட்டரில் அடித்த பெண் எட்டிப் பார்த்தாள். "மூலப் பத்திரத்துல இருந்ததுங்க சார். அப்படியே அடிச்சேன்."

"மாமூல் வாசகமுங்க" என்றார் எழுத்தர். "இவிய தாத்தா காலத்துப் பத்திரத்துல ஆளு, ஏரு, தண்ணி எறைக்கற கவலை எல்லாமே இருக்கும். ஏரையும் கவலையையும் எடுத்துப்போட்டோம். இது கண்ணுல படல."

நான் பொரிந்து தள்ளினேன். மனிதரைப் பட்டியலில் போடுவதாவது, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், இதை எடுக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். வர்ஜீனியாவையும் இழுத்தேன். கடையில் இருந்தவர்கள் டீயோடு வந்து நின்று கேட்டார்கள். பேசி முடித்தபோது என் நியாயத்தின்மேல் எனக்கே ஒரு மயக்கம் வந்திருந்தது.

"மாமாவுக்குப் புடிக்கலைன்னா எடுத்தரலாமுங்க. அதுக்கென்ன?" என்றார் கந்தசாமி. அவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பெருமையாகவே இருந்தது. எழுத்தர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"அடிக்காதீங்க சாமி."

வாசல் பெஞ்சிலிருந்து பாவாயி எழுந்து வந்தார், கையில் கோழிக் கூடையோடு. "அத இன்னொருக்கா படிங்க."

எழுத்தர் படித்தார். இந்த முறை நிதானமாக.

"குப்பன் எங்க அப்பாருங்க. எங்கப்பனப் பெத்தவரு" என்றார் பாவாயி. "அப்ப நாங்க அந்தக் காலத்துல இருந்தே அந்தச் சாளைலதான் இருக்கறம்னு காயிதத்துல இருக்குது."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு எழுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"புதுசுல அழிச்சாலும் அந்தப் பழைய பத்திரத்துல இருக்குமுங்களா?"

"ரெஜிஸ்டர் ஆனதுங்களே. இருக்கும்."

"அதுக்கு நகலு ஆரு கேட்டாலும் குடுப்பாங்களா?"

"மனுப் போட்டாக் குடுப்பாங்க."

"அத எடுத்துட்டுப் போயி தாசில்தார் ஆபீசுல காட்டுனா என்ன சொல்வாங்க?"

எழுத்தர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். பண்ணையாள் தலைமுறையாகக் குடியிருக்கும் மனை அவருக்கே என்று ஒரு சட்டம் இருப்பது அவருக்குத் தெரியும்போல. கந்தசாமியின் முகத்தில் ரோட்டோரத்து மனைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது தெரிந்தது.

நானோ என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் அந்த மூதாட்டியின் கதையைச் சொன்னவன் நான். அந்த ஒரு வரியை அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டவனும் நான். கேட்டுக்கொண்டு முட்டை அடுக்கியவருக்குத்தான் கதை புரிந்திருக்கிறது.

"என்ன புள்ள இது? நம்ம ஊட்டு ஆளாட்டமா பேசற?" என்றார் கந்தசாமி. அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"உட்படன்னா உள்ளாரன்னுதானுங்க அர்த்தம்?" என்றார் பாவாயி. "மூணு தலமொறையா உள்ளார இருந்தது போதுமுங்க. சாளைய வெளிய போட்டு எழுதுங்க. வேலைக்கு எப்பவும் போல வாரேன். ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்கன்னாலும் வாரேன். ஊடு மட்டும் ஆரு பங்குலயும் வேண்டாம்."

"அதுக்கு 'நீங்கலாக'ன்னு போடோணுமுங்க" என்றார் எழுத்தர், யாரையும் பார்க்காமல். "சாளையும் அது நிக்கற எடமும் நீங்கலாக. அப்பறம் அந்த எடத்துக்குப் பாவாயி பேருல தனியா ஒரு தானப் பத்திரம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கலாக என்றால் பூங்கொடி கையெழுத்து இப்போதே. உட்பட என்றால் நான் ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அமெரிக்காவிலிருந்து யோசிப்பது எவ்வளவு காலம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஒத்துக்கொண்டவன் செல்வராசு. "குடுத்தரலாம்ணா. பாவம்" என்றான் தாராளமாக. சாளை அண்ணன் பங்கில் இருந்தது. எழுத்தர் கந்தசாமியின் காதருகே குனிந்து, வழக்கு என்று போனால் மனை வாங்குகிறவர் ஓடிவிடுவார் என்றார். கந்தசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். "போட்டுத் தொலைங்க" என்றார்.

கோழி வெயிலில் செத்திருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். "நான்தான் அப்பவே சொன்னனே" என்றார் பாவாயி.

நான்காம் நாள் பதிவு. இரண்டு பத்திரம். பாகப் பத்திரத்தில் பூங்கொடிக்கு விடுதலை நான் எழுதிக் கொடுத்தேன். தானப் பத்திரத்துக்கு வந்தபோது பாவாயியின் விரல் ரேகையை இயந்திரம் ஏற்க மறுத்தது. சுண்ணாம்பிலும் தீவனத்திலும் தேய்ந்த விரல்கள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். அதிகாரி தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கச் சொன்னார். இடது மோதிர விரலுக்கு இயந்திரம் மனமிரங்கியது. "மனப்பூர்வமா எழுதிக் குடுக்கறீங்களா?" என்று அதிகாரி கந்தசாமியைக் கேட்டார். அவர் "ஆமாங்க" என்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

மதியம் ஓட்டலில் பள்ளிபாளையம் சிக்கன் வாங்கிக் கொடுத்தேன். காய்ந்த மிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுத்தது, கண்ணில் நீர் வரவழைத்தது. கந்தசாமிக்கும் கண்ணில் நீர் வந்தது. எதனால் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் பூங்கொடிக்குப் போன் செய்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது. "பாவாயி என்ன சொன்னா?" என்றாள்.

"கோழிக்குத் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டது, ஜீப்பை வேகமாக ஓட்டச் சொல்லுங்கள் என்றார்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு என் சட்டையைப் பற்றி விசாரித்தாள். தம்பிகள் சொல்லிவிட்டார்கள் போல.

ஐந்தாம் நாள் காலை, பெட்டியோடு பண்ணை வாசலில் காருக்காகக் காத்திருந்தேன். கந்தசாமி கொட்டகையிலிருந்து வேகமாக வந்தார். ஒரு வரிசைக் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றனவாம். நேராகச் சாளைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. தள்ளுவதற்குக் கையைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டடி பின்னால் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். செருப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கார் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "பாவாயி, உள்ள இருக்கறயா?"

சன்னல் திறந்துதான் இருந்தது. அடுப்பருகே நின்றபடி பாவாயி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. சட்டியைக் கீழே இறக்கி வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அவசரமே படாமல் கேட்டார்.

"ஆருங்க அது?"